பனி இருமலும் மாத்திரை இருமலும்: பழனி மலையில் மருந்தின் தீவிளைவைப் பதிவது யார்?

கொடைக்கானலில் ஒருவருக்கு வறட்டு இருமல் வந்தால் அதற்குக் காரணம் என்னவென்று யாரும் யோசிப்பதில்லை. ஊர் கடல்மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேலே இருக்கிறது. ஐப்பசி தொடங்கித் தை முடிய மூட்டமும் உறைபனியும் மாறி மாறி வரும். ‘பனி ஒத்துக்கலை’ என்று வீட்டிலேயே முடிவாகிவிடும். சுக்கு, மிளகு, திப்பிலி போட்டுக் கஷாயம் கொதிக்கும்; அதற்கும் அடங்காவிட்டால் மெடிக்கலில் இருமல் சிரப் வாங்குவார்கள். இருமுகிறவர் இரண்டு மாதமாக இரத்தக் கொதிப்புக்கு எனாலாப்ரில் சாப்பிட்டுவருகிறார் என்பதை யாரும் இருமலோடு சேர்த்துப் பார்ப்பதில்லை.

எனாலாப்ரில் வகை மாத்திரைகள், இரத்தக் குழாயைச் சுருக்கும் பொருளை உண்டாக்குகிற ஒரு நொதியைத் தடுக்கின்றன. பிராடிகைனின் என்ற இன்னொரு பொருளைச் சிதைப்பதும் அதே நொதிதான். நொதி தடைபட்டதும் பிராடிகைனின் மூச்சுப்பாதையில் சேர்ந்து, சளியில்லாத, இரவில் உறங்கவிடாத இருமலைக் கிளப்பும். சாப்பிடுகிறவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் இருபது பேர் வரை இது வருவதாக மருத்துவ நூல்கள் சொல்கின்றன. மாத்திரையை மாற்றிக் கொடுத்தால் சில வாரங்களில் நின்றுவிடும். மாற்றாமல் எத்தனை பாட்டில் சிரப் குடித்தாலும் நிற்காது.

சமவெளியிலும் இந்த இருமலைத் தவறவிடுகிறார்கள். மலையில் அதைத் தவறவிடுவதற்குக் காலநிலையும் துணைசெய்கிறது. மருந்தின் தீவிளைவுகளை மருத்துவத் துறையினர் ஏன் பதிவு செய்வதில்லை என்ற கேள்வியைப் பழனி மலையில் வைத்துப் பார்க்க விரும்புவது இதனால்தான். இதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் மருத்துவக் கல்லூரிகளுக்குள்ளேயே நடக்கிறது. முதல் புகாரைக் காதில் வாங்குகிறவர்களோ மேல்மலையிலும் கீழ்மலையிலும் வேலை செய்கிற செவிலியர்கள், மருந்தாளுநர்கள், வீடு வீடாக மாத்திரை கொண்டுபோகிற தன்னார்வலர்கள். அவர்கள் காதில் விழுவது பதிவேட்டுக்குப் போய்ச் சேருகிற பாதை உடைந்து கிடக்கிறது. அதைச் சரிசெய்யாமல் மருத்துவர்களுக்கு எத்தனை பயிலரங்கு நடத்தினாலும் பெரிய பலன் இருக்காது என்பது என் கருத்து.

சரியான மருந்தைச் சரியான அளவில் கொடுத்தும் உடலுக்குக் கெடுதல் நேர்ந்தால் அது மருந்தின் தீவிளைவு. பேச்சில் சைடு எஃபெக்ட். ஒரு புதிய மருந்து சந்தைக்கு வருமுன் சில ஆயிரம் பேரிடம்தான் சோதிக்கப்படுகிறது. பத்தாயிரத்தில் ஒருவருக்கு வரும் கெடுதல் அந்தச் சோதனையில் சிக்காது. கர்ப்பிணிகள், முதியவர்கள், சிறுநீரகம் கெட்டவர்கள் பெரும்பாலும் சோதனைக்கு வெளியே நிறுத்தப்படுவதால் அவர்களுக்கு வரக்கூடியதும் தெரியாது. விற்பனைக்கு வந்த பிறகு, கொடுத்தவரும் சாப்பிட்டவரும் சொன்னால்தான் உண்டு.

சொல்லத் தாமதித்தால் என்ன ஆகும் என்பதை உலகம் தாலிடோமைடில் கற்றது. 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த அந்த மருந்தைக் கர்ப்பகாலக் குமட்டலுக்கும் கொடுத்தார்கள். 1961 டிசம்பரில் ஆஸ்திரேலிய மகப்பேறு மருத்துவர் வில்லியம் மெக்பிரைட் ‘லான்செட்’ இதழில் சில வரிகளில் ஒரு கடிதம் எழுதினார். ஜெர்மனியில் குழந்தை மருத்துவர் விடுகிண்ட் லென்ஸும் அதே சந்தேகத்தை எழுப்பியிருந்தார். அதற்குள் பல நாடுகளில் பத்தாயிரம் குழந்தைகளாவது கைகால் குறைபாட்டோடு பிறந்திருந்தன. சிட்னியில் மெக்பிரைட் வேலை பார்த்த கிரவுன் தெரு மருத்துவமனையில், இந்த மருந்துதான் காரணமோ என்று முதலில் சந்தேகித்தவர் அங்கிருந்த செவிலியர் பாட் ஸ்பாரோ என்று பின்னாளில் பலர் எழுதியிருக்கிறார்கள். உலகம் அறிந்த அந்தக் கடிதத்தில் அவர் பெயர் இல்லை. பிரசவ அறையில் நாள் முழுதும் நிற்கிறவரின் கண்ணில் முதலில் பட்டதில் வியப்பென்ன?

அதன் பிறகு 1964இல் பிரிட்டன் தீவிளைவுகளை எழுதி அனுப்பும் மஞ்சள் அட்டை முறையைத் தொடங்கியது. முதலில் மருத்துவர்களும் பல் மருத்துவர்களும் மட்டுமே அதில் எழுதலாம். செவிலியர்களுக்கு அந்த உரிமை கிடைத்தது 2002இல், நோயாளிகளுக்கு 2005இல். உலக சுகாதார நிறுவனத்தின் கண்காணிப்புத் திட்டம் 1968இல் பிறந்தது. 1978 முதல் அதன் வேலையை ஸ்வீடனின் உப்சாலா நகரிலுள்ள மையம் கவனிக்கிறது. இந்தியாவின் மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 2010 ஜூலையில் தில்லி எய்ம்ஸில் தொடங்கி, 2011 ஏப்ரலில் காசியாபாத்திலுள்ள இந்திய மருந்தியல் ஆணையத்துக்கு மாறியது. இந்தத் திட்டத்தில் மருத்துவர், பல் மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர் எல்லோரும் அறிக்கை தரலாம். பொதுமக்களுக்கென்று தனிப் படிவம் உண்டு; அது தமிழிலும் கிடைக்கிறது. 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணிலும் சொல்லலாம்.

படிவத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால், இதற்கா இவ்வளவு தயக்கம் என்று தோன்றும். பார்த்தவுடன் கட்டங்கள் நிறையத் தெரியும். ஆனால் கட்டாயமானவை கொஞ்சம்தான்: நோயாளியின் பெயரின் முதலெழுத்துகள், வயது, என்ன நேர்ந்தது, எப்போது தொடங்கியது, எந்த மருந்தின்மேல் சந்தேகம், எழுதுகிறவர் யார். நோயாளியின் அடையாளம் இரகசியமாக வைக்கப்படும் என்று படிவத்திலேயே அச்சிட்டிருக்கிறது. இந்த அறிக்கையை அனுப்புவதால் மருத்துவப் பணியாளரோ மருந்தோ தீங்குக்குக் காரணம் என்று ஒப்புக்கொண்டதாக ஆகாது என்றும் போட்டிருக்கிறது. மருந்துதான் காரணம் என்று நிரூபிக்கவேண்டிய பொறுப்பு எழுதுகிறவருக்குக் கிடையாது. அதை எடைபோட மையங்களில் நரன்ஜோ அளவுகோல் போன்ற முறைகள் இருக்கின்றன: மருந்தை நிறுத்தியதும் குறைந்ததா, மறுபடி கொடுத்ததும் திரும்ப வந்ததா, வேறு காரணம் உண்டா என்று பத்துக் கேள்விகள். எழுதுகிறவருக்குச் சந்தேகம் வந்தால் போதும்.

இந்த ஒன்று மட்டும் எல்லாப் பணியாளருக்கும் தெரிந்திருந்தால் பாதித் தயக்கம் போய்விடும். ‘உறுதியாகத் தெரியாமல் எப்படி எழுதுவது?’ என்ற கேள்வியை எங்கும் கேட்கலாம். மெக்பிரைட் எழுதியதும் உறுதியான முடிவு அன்று; மற்றவர்களும் இப்படிப் பார்த்திருக்கிறீர்களா என்ற கேள்விதான்.

மலைக்கு வருவோம். தீவிளைவுக் கண்காணிப்பு மையங்கள் பெரும்பாலும் மருத்துவக் கல்லூரிகளில் இயங்குகின்றன. கொடைக்கானல் வட்டம் அடங்கிய திண்டுக்கல் மாவட்டத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரி கிடைத்ததே 2022 ஜனவரியில்தான். அதுவரை மலையிலிருந்து இறக்கப்படுகிற கடும் நோயாளி தேனிக்கோ மதுரைக்கோ போவார். ஆக, மாத்திரை தருகிறவர் மலைமேல் இருக்கிறார். விளைவைப் பார்க்கிறவர் கீழே நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறார். வலிப்புக்குக் கார்பமாசெபின் தொடங்கிய ஒருவருக்கு இரண்டு மூன்று வாரத்தில் உடம்பெல்லாம் தோல் உரிந்து, வாயும் கண்ணும் புண்ணாகிறது என்று வையுங்கள். ஸ்டீவன்ஸ்–ஜான்சன் நோய்க்குறி என்ற இந்த நிலை உயிரைக் குடிக்கக்கூடியது. அவரை மதுரைக்கு அனுப்புவார்கள். அங்கே சிகிச்சை நடக்கும். அறிக்கை எழுதினாலும் எழுதுவார்கள். மாத்திரை தந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அந்தச் செய்தி பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. அடுத்த வலிப்பு நோயாளிக்கு அதே மாத்திரையைத் தருகிறபோது, ‘காய்ச்சலோ தடிப்போ வந்தால் உடனே நிறுத்திவிட்டு வாங்க’ என்று சொல்லவேண்டும் என்ற எண்ணம் அந்தச் செவிலியருக்கு எங்கிருந்து வரும்?

இப்படி மதுரை வரை போகிற விளைவாவது யாரோ ஒருவர் கண்ணில் படுகிறது. படாதவைதான் மிகுதி. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்தக் கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. பூம்பாறை, மன்னவனூர், பூண்டி, கிளாவரை பக்கத்து முதியவர்களுக்கு இது பெரிய ஆறுதல்; மாதாமாதம் பேருந்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. சாலை இல்லாமல் நெடுங்காலம் காட்டு வழியில் நடந்தே போய்வந்த வெள்ளகவி போன்ற ஊர்களை நினைத்தால் இதன் அருமை இன்னும் புரியும். மாத்திரை வீட்டுக்குப் போகிறது. அது என்ன செய்கிறது என்ற சேதி திரும்பி வருகிறதா? மேல்மலை வீடுகளுக்குப் போய்வருகிறவர்களுக்கு இந்த மாதிரிப் பேச்சு பழக்கமாகத்தான் இருக்கும்:

‘பாட்டி, மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?’

‘சாப்பிடுறேன் தாயி.’

‘காலு ஏன் இப்படி வீங்கியிருக்கு?’

‘குளிருக்கு வீங்குது. பூண்டுக் காட்டுல நின்னுக்கிட்டே இருந்தா வீங்கத்தானே செய்யும்.’

அம்லோடிபின் சிறு இரத்தக் குழாய்களை விரிக்கும். அதனால் நீர் கசிந்து கணுக்காலில் சேருகிறது. விரலால் அழுத்தினால் குழி விழும். ஆபத்தானது அன்று. ஆனால் பாட்டி அதை யாரிடமும் சொல்லாமல் ஒரு நாள் மாத்திரையை நிறுத்திவிடுகிறார். வாங்குவதை மட்டும் நிறுத்துவதில்லை. தகர டப்பாவில் பட்டைகள் சேர்ந்துகொண்டே போகும். பதிவேட்டில் அவர் ஒழுங்காக மருந்து பெறும் பயனாளி. இரத்தக் கொதிப்பு ஏறி ஒருநாள் பக்கவாதம் வந்து விழுந்தால், அதைக் கால் வீக்கத்தோடு முடிச்சுப் போட்டுப் பார்க்க யாரும் இருக்கமாட்டார்கள். சாதாரணத் தீவிளைவுகளையும் பதியவேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதற்காகத்தான். அறிந்தது, அறியாதது, கடுமையானது, லேசானது என்று பார்க்காமல் எல்லாவற்றையும் அனுப்புங்கள் என்றே தேசியத் திட்டமும் கேட்கிறது.

மருந்துக்கடைகளைப் பார்ப்போம். வத்தலக்குண்டிலும் பழனியிலும் மலையேறுமுன் வாந்தி மாத்திரை வாங்காத குடும்பம் குறைவு. பெரும்பாலும் தருவது புரோமெத்தசின் வகை. தூக்கம் வரும், அவ்வளவோடு போகும். சில இடங்களில் மெட்டோகுளோப்ரமைடோ புரோகுளோர்பெரசினோ தருகிறார்கள். இவை இளவயதினரில் சிலருக்குக் கழுத்தைத் திருகி, விழியை மேலே செருகி, நாக்கைத் துருத்த வைக்கும். நினைவு தப்பாது, பார்க்கிறவர்கள்தான் பயந்துபோவார்கள். காத்துக் கருப்பு அடித்துவிட்டது என்று வேப்பிலை தேடுகிறவர்களும், வலிப்பு என்று தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களும் உண்டு. மருத்துவமனையில் விவரம் தெரிந்தவர் ஓர் ஊசி போட்டால் சில நிமிடங்களில் கழுத்து நேராகிவிடும். எல்லோரும் நிம்மதியாக வீடு திரும்புவார்கள். அங்கேயே அறிக்கையும் நின்றுபோகிறது. நோயாளி பிழைத்துவிட்டால் எழுத ஒன்றுமில்லை என்றே நினைக்கிறோம்.

கிராமங்களில் ‘ஒரு செட் மாத்திரை குடுங்கண்ணே’ என்று கேட்டு வாங்குவது இன்னும் இருக்கிறது. காய்ச்சலுக்கு ஒரு செட், வயிற்றுப்போக்குக்கு ஒரு செட். நான்கைந்து மாத்திரைகளைப் பட்டையிலிருந்து வெட்டி, ஒரு சிறு உறையில் போட்டுத் தருவார்கள். பெயர் ஒரு துண்டில், காலாவதி நாள் இன்னொரு துண்டில், தொகுப்பு எண் கடையிலேயே தங்கிவிட்ட துண்டில். சல்ஃபா மருந்தோ வலி மாத்திரையோ ஒத்துக்கொள்ளாத சிலருக்கு உதட்டிலோ கையிலோ வட்டமாக ஒரு தடிப்பு வந்து, ஆறிய பின் கருத்த தழும்பாக நிற்கும். அதே மருந்தை மறுபடி சாப்பிட்டால் அதே இடத்தில் திரும்ப வரும். மருந்தின் கைவேலை இவ்வளவு தெளிவாகத் தெரிகிற வேறு தோல்நோய் இல்லை. ஆனாலும் செட் மாத்திரை வாங்குகிறவர் ஒவ்வொரு காய்ச்சலுக்கும் அதை ‘உடம்புச் சூடு’ என்றே எண்ணி மோர் குடிக்கிறார். எந்த மாத்திரை என்று அவருக்கும் தெரியாது, கேட்டால் சொல்ல உறையிலும் எதுவும் இல்லை. இங்கே மருந்தாளுநர் இரண்டு வேலை செய்தால் போதும்: பெயரும் தொகுப்பு எண்ணும் போகாமல் வெட்டுவது, ‘போன தடவை இது சாப்பிட்டப்ப ஏதாவது பண்ணுச்சா?’ என்று கேட்பது. ஊரில் எல்லோரையும் முகம் தெரிந்த மலைக்கடைக்காரருக்கு இது நகரத்துக் கடைக்காரரைவிட எளிது.

பணியாளர்கள் ஏன் எழுதுவதில்லை என்பதைப் பற்றி உலகெங்கும் ஆராய்ந்துவிட்டார்கள். 12 நாடுகளில் நடந்த 37 ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வெளியான ஒரு மதிப்பாய்வு, நேர்கிற தீவிளைவுகளில் நூற்றுக்கு 94 அளவுக்குப் பதிவாகாமலே போகிறது என்று கணக்கிட்டது. மஞ்சள் அட்டையை நடத்திய வில்லியம் இன்மன் எழுதாமைக்கான காரணங்களைப் பட்டியலிட்டார்: சந்தைக்கு வந்த மருந்தெல்லாம் பாதுகாப்பானது என்ற நம்பிக்கை, வழக்கு வருமோ என்ற பயம், நாம் கொடுத்த மருந்தால் ஆனதே என்ற குற்றவுணர்வு, சோம்பல், கூச்சம் என்று நீளும் அது. நம் ஊருக்கு நான் ஒன்று சேர்ப்பேன்: மேலதிகாரி என்ன நினைப்பாரோ என்ற தயக்கம். ‘டாக்டர் எழுதின மருந்தில் குறை சொல்ல நீ யார்?’ என்ற ஒரு வார்த்தை போதும், ஒரு செவிலியர் அடுத்த பத்து ஆண்டுகளுக்கு வாய் திறக்கமாட்டார்.

பயம் என்பதை லேசாகச் சொல்லிக் கடக்க முடியாது. 2025 செப்டம்பர் தொடக்கத்தில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாடா மாவட்டத்தில் சளிக்காய்ச்சலுக்கு மருந்து குடித்த குழந்தைகள் சிறுநீர் நின்று சாகத் தொடங்கினார்கள். அவர்கள் குடித்த ‘கோல்ட்ரிஃப்’ சிரப் தயாரானது காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில். தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அக்டோபர் 1 அன்று அதன் விற்பனையை நிறுத்தி, மாதிரி எடுத்துச் சோதித்தது. ஒரு தொகுப்பில் டைஎதிலீன் கிளைக்கால் என்ற நச்சு 48.6 விழுக்காடு இருந்தது. அனுமதிக்கப்பட்ட வரம்பு 0.1. சோதனை முடிவு ஓரிரு நாளில் வந்துவிட்டது. முதல் மரணத்துக்கும் அந்தச் சோதனைக்கும் நடுவே ஏறத்தாழ ஒரு மாதம் ஓடிப்போயிருந்தது. இறந்த குழந்தைகள் இருபதுக்கும் மேல். நச்சு கலந்த மருந்தைத் தீவிளைவு என்ற வரையறைக்குள் வைக்க முடியாது. ஆனால் அதைக் கண்டுபிடிப்பதும் இதே வழியில்தான். ஒரே வட்டாரத்தில் இரண்டாவது, மூன்றாவது குழந்தைக்குச் சிறுநீர் நின்றபோதே ‘என்ன மருந்து குடித்தது?’ என்ற கேள்வியும் பாட்டிலின் தொகுப்பு எண்ணும் ஓரிடத்தில் சேர்ந்திருந்தால் அந்த மாதம் சுருங்கியிருக்கும். 1972இல் சென்னையிலேயே இதே நச்சால் 15 குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் இறந்தவர்களை எண்ணித்தான் விழித்துக்கொள்கிறோம்.

அந்த வழக்கில் மருந்து எழுதிக்கொடுத்த மருத்துவரும் கைதானார். அந்தவகைச் சளி மருந்துக் கலவையை நான்கு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குத் தரக்கூடாது என்ற எச்சரிக்கை 2023 இறுதியிலேயே வந்திருந்தது. அவர் பொறுப்பு எவ்வளவு என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். என் கவலை வேறு. அந்தக் கைதைத் தொலைக்காட்சியில் பார்த்த ஆயிரக்கணக்கான மருத்துவர்கள், அடுத்தமுறை தம் நோயாளிக்கு ஏதாவது நேர்ந்தால் படிவத்தை எடுப்பார்களா, அல்லது மருந்துச் சீட்டை ஒளிப்பார்களா? தானாக முன்வந்து அறிக்கை தருகிறவருக்கு எதிராக அந்த அறிக்கையையே பயன்படுத்த முடியாது என்ற பாதுகாப்பு, படிவத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருந்தால் போதாது. சட்டத்தில் வெளிப்படையாக வேண்டும்.

சொல்லாமை எவ்வளவு விலை கேட்கும் என்பதைக் கொடைக்கானலுக்கு வெளியிலிருந்து யாரும் வந்து கற்பிக்கத் தேவையில்லை. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வாட்டர்டவுனிலிருந்து இங்கே வந்த பாண்ட்ஸ் நிறுவனத்தின் வெப்பமானித் தொழிற்சாலை பின்னர் இந்துஸ்தான் லீவரின் கைக்குப் போனது. மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி டன் கணக்கில் கிடந்தது வெளிப்பட்டு, பழனி மலைப் பாதுகாப்புக் கழகமும் கிரீன்பீஸும் மக்களும் போராடியதால் 2001 மார்ச்சில் மூடப்பட்டது. தொழிலாளர்களின் உடல்நலக் கேட்டுக்குப் பாதரசம் காரணமா என்ற வாதம் அதன்பின் 15 ஆண்டுகள் நடந்தது. ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை என்றது நிறுவனம். மத்தியத் தொழிலாளர் அமைச்சகக் குழு 2011இல் வேறுவிதமாகச் சொன்னது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் உடன்பாடு கையெழுத்தானது; மனிதாபிமான அடிப்படையில் தருவதாக நிறுவனம் கூறியது. அந்தத் தொழிற்சாலை ஓடிய காலமெல்லாம் 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 89ஆம் பிரிவு நடைமுறையில் இருந்தது. பாதரச நச்சு அதன் அறிவிக்கவேண்டிய நோய்ப்பட்டியலில் இருந்தது. தொழிலாளியிடம் அதைக் காணும் அல்லது இருக்கும் என்று கருதும் மருத்துவர், தொழிற்சாலைத் தலைமை ஆய்வாளருக்கு எழுதவேண்டியிருந்தது. மருந்துக்கு இல்லாத கட்டாயம் அங்கே இருந்தது. மீறினால் அபராதமும் இருந்தது. அதன் உச்சவரம்பு ஆயிரம் ரூபாய். ஈறில் இரத்தம் வருவதும், கை நடுங்குவதும், சிறுநீரில் புரதம் போவதும் அன்றன்று தாளில் ஏறியிருந்தால், பின்னால் வந்த நிபுணர் குழுக்கள் நினைவுகளையும் ஊகங்களையும் வைத்து வாதாடியிருக்க வேண்டாம். கட்டாயச் சட்டம் மட்டும் போட்டால் அறிக்கைகள் வந்து குவியும் என்று நம்புகிறவர்களுக்கு இந்த மலை ஒரு பதில் வைத்திருக்கிறது.

தடுப்பூசியில் நிலைமை மேல். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போட்ட நான்கு குழந்தைகள் இறந்தது தமிழகத்தை உலுக்கியது. இன்று தடுப்பூசிக்குப் பின் கடும் பாதிப்பு எது வந்தாலும் 24 மணி நேரத்துக்குள் மாவட்டத்துக்குத் தகவல் போகவேண்டும். யாரிடம் சொல்வது என்பது கிராம சுகாதாரச் செவிலியருக்குத் தெரியும். கேட்க மாவட்டத்தில் ஒரு பெயர் இருக்கிறது. மாத்திரைக்கும் ஊசி மருந்துக்கும் அந்தப் பெயர் இல்லை.

பாம்புக்கடி மருந்தை எடுத்துக்கொள்வோம். மலைத் தோட்டங்களில் வேலை செய்கிறவர்களுக்கு இது கண்கூடு. குதிரை இரத்தத்திலிருந்து தயாராகும் நச்சுமுறி மருந்து ஏறத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே அரிப்பு, தடிப்பு, மூச்சுத் திணறல், இரத்த அழுத்தம் இறங்குதல் வரலாம். அட்ரினலின் ஊசியைத் தயாராக வைத்துக்கொண்டுதான் ஏற்றவேண்டும். ‘இது வழக்கமா வர்றதுதானே’ என்று மருத்துவர்கள் இதை எழுதுவதில்லை. உயிர்ப்பொருளிலிருந்து செய்யும் மருந்தில் தொகுப்புக்குத் தொகுப்பு தரம் மாறலாம். ஒரு தொகுப்பில் மட்டும் எதிர்வினை கூடினால் அறிக்கைகளைக் கூட்டிப் பார்த்தால்தான் தெரியும். இன்னொன்று: நம் நச்சுமுறி நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கு மட்டும் செய்யப்படுவது. மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில் இருக்கிற குழிவிரியன்களுக்கு அது வேலை செய்யாது. பயன் தராமல் எதிர்வினை மட்டும் தந்த ஊசிகள் எத்தனை என்ற கணக்கு மலையிலிருந்து வந்தால், இப்பகுதிக்கேற்ற நச்சுமுறி வேண்டும் என்ற கோரிக்கைக்கு அதைவிட நல்ல ஆதாரம் வேண்டாம்.

சித்த மருத்துவத்தை விட்டுவிட்டுப் பழனியைப் பற்றி எழுத முடியாது. போகர் நவபாஷாணத்தால் முருகன் சிலையைச் செய்தார் என்று நம்புகிற ஊர் இது. பாதரசத்தையும் கந்தகத்தையும் சுத்தி செய்து மருந்தாக்கும் மரபு இன்றும் இருக்கிறது. பளியர் முதலான மலைமக்களின் மூலிகை அறிவு தனி. மக்கள் அரசு மாத்திரையையும் நாட்டு மருந்தையும் சேர்த்தே சாப்பிடுகிறார்கள். மருத்துவர் திட்டுவார் என்று ஒன்றைப் பற்றி மற்றவரிடம் சொல்வதில்லை. தீவிளைவுப் படிவத்தில் மூலிகை மருந்துகளையும் தானாக வாங்கிச் சாப்பிட்டவற்றையும் எழுத இடம் விட்டிருக்கிறார்கள்; அது பெரும்பாலும் வெற்றிடமாகவே போகிறது. சித்த மருந்துகளுக்கெனத் தனிக் கண்காணிப்பும் உண்டு. தாம்பரத்திலுள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம் அதன் இடைநிலை மையம். தம் மருந்துக்கு எந்தக் கெடுதலும் கிடையாது என்று சொல்லும் சித்த மருத்துவரும், எல்லாக் கெடுதலுக்கும் நாட்டு மருந்தே காரணம் என்று சொல்லும் ஆங்கில மருத்துவரும் நோயாளிக்கு ஒரே தீங்கைத்தான் செய்கிறார்கள்.

அறிக்கை அனுப்பினால் என்ன ஆகிறது? நம் நாட்டு அறிக்கைகளை அலசியே, மெஃபனாமிக் அமிலம் என்ற வலி மாத்திரை அரிதாகக் கடுமையான ஒவ்வாமை நோய்க்குறி ஒன்றைத் தரலாம் என்று காசியாபாத் மையம் 2023 நவம்பர் இறுதியில் எச்சரித்தது. மாதவிடாய் வலிக்கு வீடுதோறும் இருக்கும் மாத்திரை அது. 2013இல் பயோகிளிட்டசோன் என்ற சர்க்கரை மாத்திரையை ஜூனில் நிறுத்தி ஜூலையில் எச்சரிக்கை வாசகத்தோடு திரும்ப அனுமதித்தபோது, முடிவெடுக்க நம் மக்களைப் பற்றிய தரவு எவ்வளவு குறைவாக இருக்கிறது என்பது தெரிந்தது. ஆனால் எழுதி அனுப்பிய செவிலியருக்கு ‘வந்து சேர்ந்தது, நன்றி, இப்படி இன்னும் பலர் எழுதியிருக்கிறார்கள்’ என்று ஒரு வரி போவது அரிது. கிணற்றில் போட்ட கல் என்று தோன்றிவிட்டால் இரண்டாவது அறிக்கை வராது.

பழனி மலைக்கு என்ன செய்யலாம்? புதிய மையம் கட்டவேண்டியதில்லை. வட்டார மருத்துவ அலுவலர் தலைமையில் மாதந்தோறும் ஆய்வுக் கூட்டம் நடக்கிறது. பிரசவம், தடுப்பூசி, காசநோய் என்று ஒவ்வொன்றாகக் கணக்குக் கேட்கும் அந்தக் கூட்டத்தில் ‘இந்த மாதம் எந்த மருந்து யாருக்கு ஒத்துக்கொள்ளவில்லை?’ என்று ஒரு கேள்வியைச் சேர்க்கலாம். வீடு வீடாகப் போகும் தன்னார்வலர் இரண்டு செய்தி கொண்டுவரட்டும்: மாத்திரையை நிறுத்தியவர் யார், நிறுத்தும்முன் அவருக்கு என்ன செய்தது. மருந்தாளுநர் தொகுப்பு எண்ணைத் தேடி எழுதட்டும். அரசு வழங்கும் பட்டையில் அது அச்சிட்டே இருக்கிறது. மருத்துவர் படிவத்தை நிரப்பிக் கண்காணிப்பு மையத்துக்கு அனுப்பட்டும். பதில் வந்தால் அடுத்த கூட்டத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டட்டும். ஒத்துக்கொள்ளாத மருந்தின் பெயரை நோயாளியின் கைநோட்டில் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதிவிட்டால், அவர் மதுரைக்குப் போனாலும் திருப்பூருக்கு வேலைக்குப் போனாலும் அது கூடவே போகும். தாண்டிக்குடியிலிருந்து வரும் செவிலியர் ‘எங்க பக்கம் மூணு பேருக்குக் கால் வீக்கம், ரெண்டு பேருக்கு இருமல்’ என்று சொல்ல, பூம்பாறைக்காரரும் ‘எங்களுக்கும்தான்’ என்று சொன்னால், அந்தக் கூட்டத்திலேயே எனாலாப்ரிலுக்குப் பதில் வேறு எதைத் தருவது என்று பேச முடியும்.